அடர்ந்த காட்டுக்கு ஒரு கருவி

சென்னை ரிச்சி தெருவில் அந்தக் கடைக்காரர் கேட்ட முதல் கேள்வியிலேயே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"எந்த இடத்துக்குப் போகணும் மேடம்? அந்த இடத்தோட நம்பர் வச்சிருக்கீங்களா?"

அவர் கையில் சின்ன டார்ச் லைட் பருமனில் ஒரு ஜிபிஎஸ் கருவி இருந்தது. போக வேண்டிய இடத்தின் எண்களைக் கொடுத்தால் போதும், அம்புக்குறி காட்டிக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடும் என்றார். இடம் தெரிந்திருந்தால் நான் ஏன் விடியற்காலையில் ஆரணியில் பஸ் ஏறி இவர் கடை வாசலில் வந்து நிற்கிறேன்?

"தெரியாத இடத்தைத் தேடுறதுக்குங்க" என்றேன்.

"அதுக்கு ஜோசியர்கிட்ட போகணும் மேடம்" என்று சிரித்தார். பக்கத்தில் சால்டரிங் செய்துகொண்டிருந்தவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என் அக்காவின் கணவர் காட்டுக்குள் காணாமல்போய் அப்போது பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

கருவியை வாசலுக்கு எடுத்துப்போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன். பெரிய மனசு பண்ணிக் கொடுத்தார். தெருவில் நின்று பார்த்தேன். இரண்டு பக்கமும் மாடிக் கட்டடங்கள், நடுவில் நாடா அகலத்துக்கு வானம். செயற்கைக்கோளைத் தேடுகிறேன், தேடுகிறேன் என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது. ரிச்சி தெருவிலேயே வழி தெரியாத கருவி ஜவ்வாது மலையில் என்னத்தைக் கிழிக்கும்? திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அக்காவின் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம் அவர் மலைக்குப் போனார். கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. போளூர்ப் பக்கமிருந்து மலை ஏறினால் காட்டுக்குள் ஓர் அம்மன் உண்டு. கோயில் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு மரம், அடியில் ஒரு கல், கிளையெல்லாம் மஞ்சள் நூலும் துணித் தொட்டிலும். புருஷன்காரன் தன் கையால் நூல் கட்டிவிட்டு வந்தால் வயிறு திறக்கும் என்று நம்பிக்கை. மாமா எங்கள் தெரு ஆண்கள் நாலைந்து பேரோடு போய்க் கட்டினார். இறங்கும்போது செருப்பு வார் அறுந்துபோய் உட்கார்ந்தாராம். "நீங்க போய்கினே இருங்க, இதோ வந்துர்றேன்" என்றாராம். மற்றவர்கள் ரோட்டுக்கு வந்து டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். பஸ் வந்தது. அவர் வரவில்லை.

போலீஸ் வந்தது. காட்டிலாகா ஆட்கள் வந்தார்கள். மலைக்கிராமத்துக்காரர்களும் தேடினார்கள். எல்லோரையும்விட அதிகம் தேடியது எங்கள் அப்பா. தறியை நிறுத்திவிட்டு, கூட நெய்கிறவர்களைக் கூட்டிக்கொண்டு தினம் போனார். நெசவாளிகளுக்குக் காடு தெரியுமா? போன வழியே திரும்பி வருவதற்கு அடையாளம் வேண்டுமே. சேலை அறுக்கும்போது தறியில் மிஞ்சுகிற பட்டு நூல் துண்டுகளை ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டு போனார்கள். நடக்க நடக்கக் கிளைக்குக் கிளை ஒன்றைக் கட்டினார்கள். அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை எல்லாம் கலந்து. பட்டு லேசில் மக்காது, சாயம் எட்ட இருந்தே கண்ணில் படும் என்று தங்கள் புத்தியைத் தாங்களே மெச்சிக்கொண்டார்கள்.

ஆடி வெள்ளிக்கு அம்மனிடம் வந்த ஜனங்கள் அந்த நூல்களைப் பார்த்தார்கள். பிள்ளை வரம் கேட்டு நூல் கட்டுகிற காட்டில் பட்டு நூல் கட்டியிருந்தால் என்ன நினைப்பார்கள்? யாரோ பெரிய இடத்து வேண்டுதல் என்று நினைத்து, பக்கத்திலேயே தங்கள் நூலையும் கட்டினார்கள். அதைப் பார்த்து அடுத்தவர்கள் அதற்கும் அப்பால் போய்க் கட்டினார்கள். அடுத்த முறை அப்பா போனபோது காட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் நூல் ஆடியது. எது வழி, எது வேண்டுதல் என்று யாருக்கும் தெரியவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல என்பார்களே, இவர்கள் தங்கள் கண்ணைத் தாங்களே பட்டு நூலால் கட்டிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆடியிலும் நாங்கள் போனோம். அப்பா, அக்கா, கொஞ்சம் வளர்ந்ததும் நான். அம்மா எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். காட்டிலாகாவுக்கு எங்களைத் தெரியும். பாவம் என்று விட்டுவிடுவார்கள். அப்பா கொடுவாளோடு முன்னால் முள்ளை வெட்டிக்கொண்டு போவார். அக்கா நடுவில், நான் கடைசியில்.

அக்கா மாமாவைக் கூப்பிடுவாள். புருஷன் பேரை வாயால் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவள். அதனால் காட்டைப் பார்த்து "என்னாங்க... என்னாங்க..." என்று கூப்பிடுவாள். உலகத்தில் எத்தனை புருஷன்களுக்கு அதுதான் பேர். பேர் சொல்லிக் கூப்பிடு அக்கா, இங்கே யார் கேட்கப்போகிறார்கள் என்று ஒருமுறை அதட்டினேன். வாயைத் திறந்தாள், வரவில்லை. அதற்குப் பிறகு நான் அதட்டவில்லை. அந்த "என்னாங்க" பாறையில் பட்டு எங்களிடமே திரும்பி வரும். யாரோ எங்களைப் பார்த்து "என்னாங்க?" என்று கேட்பது மாதிரி இருக்கும். பஸ்ஸில் திரும்பி வரும்போதும் என் காதில் அது ஓயாது.

ஊரில் அவள் இரண்டும் கெட்டானாக இருந்தாள். நெற்றியில் பொட்டு, தலையில் பூ, கழுத்தில் தாலி எல்லாம் இருந்தது. ஆனால் கல்யாண வீட்டில் மஞ்சள் இடிக்க சுமங்கலிகளைக் கூப்பிடும்போது இவளைப் பார்த்ததும் கூப்பிடுகிறவர்கள் ஒரு நொடி தயங்குவார்கள். கூப்பிட்டால் ராசியா, கூப்பிடாவிட்டால் பாவமா என்று அவர்கள் கணக்குப் போடுவது முகத்தில் தெரியும். அந்த ஒரு நொடிக்காக எனக்கு ஊரையே கொளுத்தலாம் போலிருக்கும். அக்கா அதற்குள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தண்ணீர் கேட்பாள்.

ஒரு வருஷம் சேவூரிலிருந்து ஒருவர் அக்காவைப் பெண் கேட்டு ஆள் அனுப்பினார். மனைவி இறந்தவர், சொந்தத் தறி, அக்கா நெய்த சேலையைப் பார்த்து அவளைப் பற்றி விசாரித்தவர். அப்பா வந்தவர்களுக்குக் காபி கொடுத்து, "அவ புருஷன் உசுரோட கீறாருங்க. இன்னிக்கு வராம போனாலும் நாளைக்கு வருவாரு. அப்ப இன்னான்னு பதில் சொல்றது?" என்றார். அக்கா உள்ளே தறியில் இருந்தாள். தறி நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற சத்தம் நிற்கவே இல்லை. எனக்கு மட்டும் அப்போதே அழுகை வந்தது. மாமா செத்துவிட்டார் என்று யாராவது ஒருத்தர் வந்து சொல்லித் தொலைக்க மாட்டார்களா என்று அன்றைக்கு நினைத்தேன். கெட்ட நினைப்புதான். ஆனாலும் நினைத்தேன்.

நான் பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஆரணியிலேயே ஒரு டிசைன் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். பட்டுச் சேலையின் பார்டரும் முந்தானையும் முதலில் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரையப்படும். ஒவ்வொரு கட்டமும் ஓர் இழை. அந்த வரைபடத்தை வைத்து அட்டையில் துளை போடுவார்கள். அட்டை தறியின் மேல் ஏறிச் சுற்ற, அன்னமோ மாங்காயோ சேலையில் விழும். நாள் முழுக்க எனக்குக் கட்டம் நிரப்புகிற வேலை. ஒரு கட்டம் விட்டுப்போனால் அத்தனை சேலையிலும் அந்த இடத்தில் ஓட்டை விழும். வீட்டில் தரையின் சதுரக் கற்களைக்கூட நிரம்பியது, நிரம்பாதது என்று பார்க்கிற நோய் எனக்கு வந்திருந்தது.

அந்தப் புத்தியில்தான் எனக்குத் தோன்றியது. நாங்கள் பத்து வருஷமாகத் தேடுகிறோம், ஆனால் எங்கே தேடினோம் என்று எங்களுக்கே தெரியாது. தேடின இடத்தையே திரும்பத் திரும்பத் தேடுகிறோமோ என்னவோ. நடந்த இடத்தை எல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்கிற ஒன்று இருந்தால், கட்டம் கட்டமாகக் காட்டை நிரப்பிக்கொண்டே வரலாம். கடைசிக் கட்டத்துக்குள் அவர் இருந்தே ஆகவேண்டும். உயிரோடு இருப்பார் என்று எனக்கு எள்ளளவும் நம்பிக்கை இல்லை. அக்காவுக்கு ஒரு முடிவு வேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியம்.

சென்டரில் வேலை முடிந்ததும் இன்டர்நெட்டில் உட்கார்ந்து படித்தேன். வெளிநாட்டில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள், காளான் பொறுக்கப் போகிறவர்கள் எல்லாம் கூடி எந்தக் கருவி அடர்ந்த மரங்களுக்கு அடியிலும் சிக்னல் பிடிக்கும் என்று பக்கம் பக்கமாகச் சண்டை போட்டிருந்தார்கள். ஒருவன் ஒன்றைத் தெய்வம் என்பான், அடுத்தவன் அதே கருவியை ஆற்றில் எறிந்தேன் என்பான். அவர்கள் சண்டையிலிருந்து நான் கற்றுக்கொண்டது, காட்டில் மழைதான் பெரிய எதிரி என்பது. ஈர இலை செயற்கைக்கோளின் சிக்னலைக் குடித்துவிடும். நாங்களோ ஆடியில் போகிறவர்கள், இலை காய்ந்து பார்த்ததே இல்லை. அந்த வருஷங்களில்தான் பலவீனமான சிக்னலையும் பிடித்து வைத்துக்கொள்கிற புதுவகை சிப் போட்ட கருவிகள் வர ஆரம்பித்திருந்தன. கலர் திரையும் வரைபடமும் கொண்டவை பார்க்க லட்சணமாக இருந்தன. ஆனால் அந்த வரைபடத்தில் எங்கள் பக்கம் வெறும் வெள்ளைதான். சென்னை ஒரு புள்ளி, வேலூர் ஒரு புள்ளி. அழகைப் பார்த்து ஏமாறுகிற வயசை நான் தாண்டியிருந்தேன். கறுப்பு வெள்ளைத் திரை போதும், ஈரக் கையால் அழுத்தப் பொத்தான் வேண்டும், பெட்டிக்கடையில் கிடைக்கிற பேட்டரி போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நடந்த பாதையை நாள்கணக்கில் மறக்காமல் வைத்திருக்க வேண்டும்.

கூடப் படித்த தோழி அமெரிக்காவில் இருந்தாள். ஊருக்கு வரும்போது வாங்கி வரச் சொன்னேன்.

"கலர் வாங்கிக்கோடி, கொஞ்சம்தான் வித்தியாசம். இது பார்க்கவே கால்குலேட்டர் மாதிரி இருக்கு" என்றாள் போனில்.

"எனக்கு ஞாபக சக்திதாண்டி வேணும், அழகு வாணாம்."

"மாப்பிள்ளை பாக்கும்போதும் இதையே சொல்லு" என்றாள். அவளிடம் மட்டும் எனக்குக் கோபம் வராது.

கருவி வந்ததும் சேவூர்ப் பக்கம் ஒரு மாந்தோப்பில் சோதித்துப் பார்த்தேன். நல்ல மழை. ஒரு கையில் குடை, ஒரு கையில் கருவி, மரத்துக்கு மரம் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். காவல்காரர் வந்து, "இன்னாமா, காய் இருக்குதான்னு மிஷின் வச்சிப் பாக்குறியா?" என்று விரட்டாத குறையாகக் கேட்டார். ஆனால் கருவி சிக்னலை விடவில்லை. நான் சுற்றிய பாதை திரையில் மெல்லிய கோடாக அப்படியே விழுந்திருந்தது. சந்தோஷத்தில் வீடுவரை நனைந்துகொண்டே நடந்தேன்.

அந்த ஆடியில் ஞாயிறு தவறாமல் போனோம். அப்பா கருவியை வாங்கிப் புரட்டிப் பார்த்து, "இன்னாது இது, ரேடியோவா?" என்றார்.

"தெசை காட்டும்பா. வழி தப்பாது" என்றேன். அது பொய்யில்லை. நடந்ததை எல்லாம் எழுதி வைத்துக்கொள்ளும் என்பதை நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

"தெசை எனக்குத் தெரியாதா? பத்து வருசமா யாரு இட்டுகினு வர்றா?" என்று சிரித்துவிட்டு முன்னால் நடந்தார்.

காட்டில் அப்போதும் பழைய நூல்கள் இருந்தன. சாயம் போய்ச் சாம்பல் நிறமாகிவிட்டிருந்தன. சில இடங்களில் மரம் பருத்து நூல் பட்டைக்குள் புதைந்து, கழுத்தை நெரித்த தடம்போலத் தெரிந்தது. யார் யாரோ கட்டிய துணித் தொட்டில்கள் மழைத்தண்ணீர் நிறைந்து தொங்கின. காற்றே இல்லாதபோதும் ஏதாவது ஒன்று லேசாக ஆடும். அக்கா அதைப் பார்க்காமல் குனிந்துகொண்டு நடப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாறை ஓரம் ஒதுங்கி உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டோம். அப்பா தண்ணீர் பிடிக்க ஓடைக்குப் போயிருந்தார். அக்கா கருவியை எடுத்துப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"நாம ஒக்காந்துகினுதான கீறோம்?"

"ஆமா, ஏன்?"

"இது யாரு நடக்கறதக் காட்டுது?"

வாங்கிப் பார்த்தேன். நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றிக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் நாலடி, அந்தப் பக்கம் பத்தடி, திரும்பி எங்கள் மேலேயே வந்து, மறுபடியும் சுற்றி. சிக்னல் பாறையில் பட்டுத் தெறித்தால் அப்படி வரும் என்று நான் படித்திருந்தேன். வேட்டைக்காரர்கள் அதற்கும் சண்டை போட்டிருந்தார்கள். அதை அக்காவுக்கு எடுத்துச் சொன்னேன். அக்கா தலையில் இருந்த பூவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். தன் இலையிலிருந்து ஒரு பிடி சோற்றை எடுத்துப் பாறைமேல் வைத்தாள்.

ஆடி முடிகிற சமயத்தில், வேலை நேரம் கழிந்து எல்லோரும் போன பிறகு, சென்டரில் கம்ப்யூட்டரில் கருவியைச் சொருகி அத்தனை பாதைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன். அக்காவும் வந்திருந்தாள். சாயங்கால வெளிச்சம் இன்னும் இருந்தது. திரையில் காடு கிட்டத்தட்ட நிரம்பியிருந்தது. கோட்டுக்குக் கோடு நெருக்கமாக, தறியில் ஊடை நூல் அடித்ததுபோல. நான் ஓரங்களில் எது பாக்கி என்று தேடிக்கொண்டிருந்தேன். அக்கா ஓரத்தைப் பார்க்கவில்லை.

"இங்க ஏன் நெய்யாம வுட்டுருக்குது?" என்று திரையின் நடுவில் விரலை வைத்தாள்.

எலி கடித்த ஓட்டைபோல ஒரு வெற்றிடம். அம்மன் மரத்திலிருந்து ரொம்பத் தூரம்கூட இல்லை. வடக்கிலிருந்து வந்த பாதை அதன் அருகில் வந்து வளைந்து போயிருந்தது. தெற்கிலிருந்து வந்ததும் அப்படியே. கிழக்கிலிருந்து வந்த இரண்டும் அப்படியே. வெவ்வேறு ஞாயிறு, வெவ்வேறு வழி, எல்லாம் அந்த இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போயிருந்தன.

"சரிவா இருக்கும்க்கா" என்றேன். சொல்லும்போதே அது யாருடைய வார்த்தை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. 'அந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல, வெறும் சரிவு.' அந்த இடம் வரும்போதெல்லாம் அப்பா சொன்னது. அந்த எல்லாக் கோட்டிலும் நான் நடந்தேன், அக்கா நடந்தாள். ஆனால் எல்லாக் கோட்டையும் போட்டது அப்பா. நாங்கள் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நடந்தவர்கள். டிசைனில் இழை தவறி விட்டுப்போகிற இடம் ஒழுங்கில்லாமல் இருக்கும். இது அப்படி இல்லை. இவ்வளவு ஒழுங்காக விட்டுப்போக வேண்டுமென்றால், விட வேண்டிய இடம் எது என்று வரைகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அக்கா விரலை எடுக்கவே இல்லை. நான் நினைத்ததையே அவளும் நினைக்கிறாள் என்பது அவள் மூச்சில் தெரிந்தது. "வூட்டுக்குப் போலாம்" என்று மட்டும் சொன்னாள். அன்று அப்பாவுக்குத் தட்டு வைத்துச் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டாள். எனக்கு அந்தக் கேள்வி பயமாக இருந்தது.

கடைசி ஞாயிறு மறுபடியும் போனோம். அப்பா வழக்கம்போல முன்னால். அந்த இடம் நெருங்க நெருங்க நான் திரையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு பெரிய பாறை எழும்பியிருந்த இடத்தில் அப்பா கொடுவாளை இடது பக்கம் வீசி முள்ளை வெட்ட ஆரம்பித்தார்.

"ஏம்பா, வலது பக்கம் பாத்துட்டமா?" என்றாள் அக்கா.

"அந்தப் பக்கம் ஒண்ணும் இல்லம்மா. வெறும் சரிவு. காலு சறுக்கும்."

"சரிவுதான, நான் பாத்துட்டு வரேன்."

"சொன்னா கேளு. ஜல்தி வா, மழ வருது."

அக்கா நகர்ந்து அவரைத் தாண்டி வலது பக்கம் போனாள். பத்து வருஷத்தில் அவள் அப்பாவுக்கு முன்னால் நடந்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை. அப்பா அவள் கையைப் பிடிக்கப் போனார், பிடிக்கவில்லை. முள்ளை விலக்கிக்கொண்டு அவள் பாறைக்குப் பின்னால் மறைந்தாள். அப்பா இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். சட்டென்று வயசாகிவிட்டதுபோல இருந்தது.

"தெரியுமாப்பா உனக்கு?" என்றேன்.

"மொத வாரமே தெரியும்" என்றார் தரையைப் பார்த்து. "பாறக்கிக் கீழ கெடந்தாரு. மேலேர்ந்து வுழுந்துட்டாரு போல. ஆளுங்க பின்னால வந்துகினு இருந்தாங்க. அந்தப் பக்கம் ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டேன். அது எப்டி வாய்ல வந்துச்சின்னு இன்னிக்கு வரிக்கும் தெரியல. அப்பால நான் மட்டும் தனியா வந்து கல்லு அடுக்கி மூடனேன்."

"ஏம்பா? ஏன்?"

"என் தங்கச்சிக்குப் பண்ணத நான் பக்கத்துல நின்னு பாத்தவன். பதினாறாம் நாளு இட்டுகினு போயி, பூவப் பிச்சி, வளையல ஒடச்சி... அந்த சத்தம் இன்னும் என் காதுல கீது. எம் பொண்ணுக்கு அது வாணாம். ஒரு வருசம் போவட்டும், சொல்லிடலாம்னு பாத்தேன். போவப் போவ சொல்ல முடியல."

"வழி கொழப்ப அத்தனை நூல் கட்டுனதும் நீதானா?"

"வழிக்குக் கட்டனது நாங்க. மிச்சமெல்லாம் ஜனங்க கட்டனது. நான் ஒண்ணும் பண்ணல. வழி கொழம்பிப் போச்சின்னதும், நல்லதாப் போச்சின்னு இருந்துட்டேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களை எனக்குத் தெரியும். ஒரு மனுஷனை ஒரு காட்டில் மறைத்து, அவன் பெண்டாட்டியையே கூட்டிக்கொண்டு வருஷா வருஷம் தேடி வந்தவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம். அந்தக் கருவியை அவர் தலையில் எறியலாம் என்றுகூட வந்தது. ஆனால் அவர் உள்ளங்கையால் தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். கல் அடுக்கும்போது அந்தக் கைக்குத் துணையாக ஒருத்தர்கூட இல்லை என்று நினைத்ததும் கோபம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் நின்றது.

பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அழுகைச் சத்தம் கேட்டிருந்தால்கூடத் தேவலை. நான் போய்ப் பார்க்கலாம் என்று எழுந்தபோது அக்கா வந்தாள். கையெல்லாம் மண். புடவைக் கொசுவம் ஈரம். தலையில் பூ அப்படியே இருந்தது, நெற்றியில் பொட்டும். மழை தூற ஆரம்பித்திருந்தது. அவள் அப்பாவுக்கு எதிரே வந்து நின்றாள்.

அப்பா எழுந்திருக்கப் பார்த்தார். அவளுடைய நெற்றியை, தலையை, கழுத்தைப் பார்த்தார். எல்லாம் இருக்கிறதா என்று சரிபார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

"எனக்கு அப்ப இருவத்திமூணு வயசுப்பா" என்றாள் அக்கா. சத்தம் போடவில்லை. தறியில் உட்கார்ந்துகொண்டு நூல் கேட்கிற குரல்தான்.

அப்பாவுக்கு அவள் தன் பக்கம் பேசுகிறாள் என்று தோன்றியிருக்க வேண்டும். அவர் முகம் இளகியது. இத்தனை வருஷம் தான் சுமந்ததை ஒருத்தி புரிந்துகொண்டாள் என்ற நிம்மதியோடு, கண் கலங்க அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதனாலதாம்மா" என்றார்.